டாக்டர் பார்த்த ஈ.சி.ஜி.

போன வாரம், கணினி வேலையில் இருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஃபோன் செய்தார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது போலிருக்கிறது. லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாயிற்று, நெட்வொர்க் இணைப்பைப் பார்த்துக்கொள்ள எந்த மென்பொருள் கருவியை வைத்துக்கொள்ளலாம் மேடம் என்று கேட்டார். இணையத்தில் தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்களாம். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் கருவிதான் நல்லது என்கிறார் ஒருவர். அதெல்லாம் வேண்டாம், எல்லாவற்றையும் கையால் எழுதி வைத்துக்கொள் என்கிறார் இன்னொருவர். ஒரு வரியில் பதில் சொல்லி ஃபோனை வைத்திருக்கலாம். வாய் வரவில்லை. அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் புனேவின் ஆகுர்டிப் பகுதியில் ஒரு தொழிற்சாலை வாசலில் நின்ற ஆம்புலன்ஸ்தான் எனக்குக் கண்முன் வருகிறது. அவரிடம் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து உங்கள் எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகி புனேவுக்கு வந்து, இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டேன். கடைசியாக இருந்தது விமான் நகரில் ஒரு சின்ன கம்பெனி. ஆம்புலன்ஸ்களில் ஒரு லேப்டாப் வைப்போம். நோயாளிக்கு எடுக்கிற ஈ.சி.ஜி. அந்த லேப்டாப் வழியாக ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரின் திரைக்குப் போகும். அவர் பார்த்துவிட்டு, பக்கத்து நர்ஸிங் ஹோம் போதுமா, இல்லை இதய அடைப்பை உடனே திறக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே வண்டியை விட வேண்டுமா என்று ஃபோனில் சொல்வார். லேப்டாப் லினக்ஸில் ஓடும். அது எப்போதும் நெட்வொர்க்கோடு இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பிலும் செல்வத்தின் பொறுப்பிலும் இருந்தது.

செல்வம் இங்கே கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டில் வேலூர்ப் பக்கத்துத் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் மராத்தி. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் எந்த மொழியில் முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. என்னை அக்கா என்பார். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனால் வேலையில் நாங்கள் சமம். சண்டையிலும் சமம்.

அப்படி ஒரு சண்டைதான் இந்தக் கருவி விஷயம். அதுவரை லேப்டாப்களில் ஒரு பழைய கருவி இருந்தது. எந்த இணைப்பு வேண்டுமோ அதை ஆள்தான் தொட்டு எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் இணைப்புதான். அதை எழுதியவர்கள் கைவிட்டுப் பல வருடமாகிவிட்டது. புது லினக்ஸில் அது ஓடவே மறுத்தது. செல்வம், சின்னச் சின்ன நிரல்களை வைத்து எல்லாவற்றையும் நாமே எழுதிவிடலாம், எழுதியதைத் தவிர வேறெதையும் அது செய்யாது என்றார். நான், இணைப்புகளைத் தானே பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் மேனேஜர் என்ற கருவிதான் சரி என்றேன். வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரி வளாகத்தில் வைஃபை, ரோட்டில் சிம் போட்ட டாங்கிள், இரண்டுக்கும் மேலே ஆஸ்பத்திரிக்குப் போகும் வி.பி.என். என்ற பாதுகாப்பான சுரங்கப் பாதை. இதையெல்லாம் மாற்றி மாற்றி ஓட்ட ஒரு கருவி தானாகவே யோசிக்க வேண்டும். உயிருக்குப் போராடும் ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கட்டளை தட்டிக்கொண்டிருக்க முடியாது. நான் சொன்னதைத்தான் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முதல் வாரத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு லேப்டாப் மட்டும் இணைவதும் விடுவதுமாகக் கிடந்தது. டாங்கிளை மாற்றினோம், கார்டை மாற்றினோம், லேப்டாப்பையே சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் பழைய கருவியைச் சரியாக நீக்காமல் புதியதை ஏற்றியிருந்தார்கள். ஒரே வைஃபை கார்டுக்கு இரண்டு எஜமானர்கள். ஒன்று இணைக்கும், மற்றது அதைப் பிடுங்கும். அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதுதான்: எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் ஒன்றை மட்டும் வையுங்கள். மற்றதை நிறுத்தி வைப்பது போதாது, எடுத்து எறியுங்கள். அந்தத் தவறு நல்ல தவறு. கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டது. நான் சொல்லப்போவது கத்தாத ஒன்றை.

எல்லா வண்டிகளிலும் புதுக் கருவியைப் போட்டு முடித்த பிறகு, ஓடும் வண்டியில் ஒருமுறை சோதித்துப் பார்க்க முடிவு செய்தோம். சிஞ்ச்வட்டில் நிற்கும் ஓர் ஆம்புலன்ஸைக் கேட்டு வாங்கினோம். டிரைவர், பாராமெடிக் வைஷாலி, நான், செல்வம். நல்ல உச்சி வெயில் நேரம். செல்வத்தை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, வைஷாலி அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஈ.சி.ஜி. எடுத்து அனுப்பினார். ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த டாக்டரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். வந்துவிட்டது, ஆரோக்கியமான ஆள், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஃபோனில் சிரித்தார். செல்வம் சட்டையைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகலாமா அக்கா என்றார்.

வண்டியை ஆகுர்டிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனோம். போகப் போக இணைப்பு எப்படி மாறுகிறது என்று செல்வம் பார்த்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் கன்ட்ரோல் அறையிலிருந்து டிரைவருக்கு அழைப்பு வந்தது. ஒரு தொழிற்சாலையில் தொழிலாளி ஒருவருக்கு நெஞ்சுவலி. போக வேண்டிய வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் வண்டி அதற்கு இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. சோதனை வண்டி, நோயாளியை ஏற்றக்கூடாது என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம். டிரைவர் சைரனைப் போட்டுவிட்டார். எங்களை இறக்கிவிட நேரமில்லை என்று வைஷாலி சொன்னார். ஓரமாக உட்காருங்கள், எதையும் தொடாதீர்கள் என்றார். உட்கார்ந்தோம்.

தொழிற்சாலை வாசலில் அவர் தானே நடந்து வந்து நின்றுகொண்டிருந்தார். பெயர் தத்தா. ஐம்பது வயதிருக்கும். நீலச் சீருடைச் சட்டை மழையில் நனைந்ததுபோல உடம்போடு ஒட்டியிருந்தது. அன்றைக்கு மழையே இல்லை. வாயுதான், சாப்பிட்டது சரியில்லை என்று மராத்தியில் சொல்லிக்கொண்டே ஏறினார். செல்வம் சற்று முன் படுத்திருந்த அதே ஸ்ட்ரெச்சரில் படுத்தார். வைஷாலி ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். அனுப்பும் பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சை டிக் வந்தது. மேலே மூலையில் இணைந்திருக்கிறது என்ற அடையாளமும் இருந்தது. டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று டாக்டர் சொல்ல வேண்டும். வாசலிலேயே நின்றோம்.

வைஷாலி டாக்டரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். குரல் வேறாக இருந்தது. டியூட்டி மாறியிருக்கிறது என்று புரிந்தது. புது டாக்டர் எங்கள் வண்டி எண்ணைக் கேட்டார், திரையைத் திறந்தார், பார்த்தார். கொஞ்சம்கூட அவசரமில்லாமல் பேசினார். ஈ.சி.ஜி. நார்மலாக இருக்கிறது, துடிப்பு எழுபத்திநான்கு, அடைப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை, இரைப்பைக் கோளாறாக இருக்கும், பக்கத்து நர்ஸிங் ஹோமில் காட்டுங்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்றார்.

வைஷாலி தத்தாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஃபோனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்ததை நான் கவனித்தேன். ஆனால் டாக்டர் சொன்னால் அதுதான் விதி. சரி டாக்டர் என்றார். டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

எனக்கு ஈ.சி.ஜி. படிக்கத் தெரியாது. கோடுகள் எனக்குக் கோடுகள்தான். ஆனால் ஸ்ட்ரெச்சருக்கு மேலே இருந்த மானிட்டர் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. அதில் துடிப்பு நாற்பத்தியொன்று என்று இருந்தது. நாற்பது ஆயிற்று. மறுபடி நாற்பத்தியொன்று. டாக்டர் எழுபத்திநான்கு என்கிறார். ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள். முதலில் மானிட்டரில்தான் கோளாறு என்று நினைத்தேன். நம் மனசு அப்படித்தான் போகும். கெட்ட செய்தி சொல்வதைத்தான் முதலில் சந்தேகப்படும். தத்தாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது. மானிட்டர் பொய் சொல்லலாம், உதடு சொல்லாது.

எதையும் தொடாதீர்கள் என்று வைஷாலி சொன்னது ஞாபகம் இருந்தது. ஃபோனுக்கு முன்னால் குனிந்து, நான் லேப்டாப்பைக் கவனிக்கிற ஆள் டாக்டர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உங்கள் திரையில் இருக்கும் ஈ.சி.ஜி.யின் கீழே நேரம் போட்டிருக்கும், தயவுசெய்து படியுங்கள் என்றேன். அவருக்கு எரிச்சல் வந்தது. யார் நீங்கள், நோயாளியை ஏற்றிவிட்டு இதென்ன கேள்வி என்றார். படியுங்கள் டாக்டர் என்று மறுபடி சொன்னேன்.

பிறகு நேரத்தைப் படித்தார். நாங்கள் சிஞ்ச்வட்டில் நின்றிருந்த நேரம்.

செல்வம் தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஒயர் ஒட்டியிருந்த இடத்தில்.

“அக்கா, அது என்னோடது,” என்றார்.

அந்த நிமிஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒருவர் எங்கள் கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறார். ஊருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டாக்டர், நல்ல டாக்டர், கவனமாகத்தான் பார்த்திருக்கிறார்; பார்த்தது எங்கள் செல்வத்தின் இதயத்தை. அதைப் பார்த்துவிட்டு இவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார். லேப்டாப்பில் அந்தப் பச்சை டிக் அப்படியே இருந்தது. வைஷாலி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. புரியாமல் பார்த்தார்.

வண்டி இன்னும் அந்த வாசலைத் தாண்டவில்லை. செல்வம் அதற்குள் லேப்டாப்பை மடியில் இழுத்துக்கொண்டு கட்டளைகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். திறமையான ஆள். விரல் பறந்தது.

“கனெக்டட்னுதான் காட்டுது அக்கா. டாங்கிளும் இருக்கு. வைஃபையும் இருக்கு. மத்லப், அதாவது, இங்க எப்படி வைஃபை? ஏக் மினிட், டேட்டா போற ரூட்டப் பாக்கறேன்.”

“பாக்க வேண்டாங்க செல்வம். வைஃபைய அணைங்க.”

“காரணம் தெரிஞ்சா உடனே சரி பண்ணிடலாம் அக்கா.”

“காரணம் அப்பறம். கைய எடுங்க.”

அவர் எடுக்கவில்லை. நானே கையை நீட்டி லேப்டாப்பின் பக்கவாட்டில் இருந்த வைஃபை சுவிட்சைத் தள்ளிவிட்டேன். அந்த லேப்டாப்களில் அப்படி ஒரு சுவிட்ச் உண்டு. மென்பொருள் என்ன நினைத்தாலும் அது அணைத்தால் அணைந்ததுதான். டாங்கிள் ஒன்றுதான் மிச்சம். சுரங்கப் பாதை ஒருமுறை விழுந்து மறுபடி எழுந்தது. டிரைவரிடம், நர்ஸிங் ஹோம் பக்கம் போக வேண்டாம், ஓரமாக நிறுத்துங்கள் என்று வைஷாலி சொல்லியிருந்தார்.

எடுத்து வைத்திருந்ததை மறுபடி அனுப்பலாம் என்றார் செல்வம். வேண்டாம் என்றேன். எது போயிருக்கிறது, எது போகவில்லை என்று அந்த நேரத்தில் எங்களுக்கே தெரியாது. வைஷாலியிடம் புதிதாக ஒன்று எடுக்கச் சொன்னேன். அதுவரை காலியாக விட்டிருந்த பெயர் என்ற இடத்தில் தத்தா என்று அடிக்கச் சொன்னேன். டாக்டரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: திரையில் என்ன வந்திருக்கிறது, பெயர் என்ன, துடிப்பு என்ன என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எதையும் சொல்ல மாட்டோம். நாங்கள் நாற்பத்தியொன்று என்று சொல்லிவிட்டு அவர் ஆமாம் என்றால் அதற்கு என்ன மதிப்பு? அவசரத்தில் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

காத்திருந்தோம். தத்தா கண்ணை மூடிக்கொண்டு செல்வத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது பிடித்தார் என்று நான் கவனிக்கவில்லை. செல்வம் ஒரு கையால் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை அவரிடம் விட்டிருந்தார்.

டாக்டர் குரல் வந்தது. தத்தா என்றார். நாற்பது என்றார். அதற்கப்புறம் அவர் பேசிய வேகம் வேறு. வண்டி நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், எங்கும் நிற்கக் கூடாது, வைஷாலி இன்னின்ன மருந்தைக் கொடுக்க வேண்டும், இன்னதைக் கொடுக்கவே கூடாது. சொல்லிக்கொண்டே அங்கே யாரிடமோ ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. டிரைவர் வண்டியைத் திருப்பினார். பிம்ப்ரியைத் தாண்டும்போது தத்தாவுக்கு நினைவு போயிற்று. வைஷாலி அவர் நெஞ்சின் மேல் கை வைத்து அழுத்த ஆரம்பித்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மானிட்டரைப் பார்க்கத் துணிவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். உயிர் இருந்தது.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். செல்வம் லேப்டாப்பைத் திறந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். இப்போது கேளுங்கள். அந்தத் தொழிற்சாலையில் முன்பு எப்போதோ எங்கள் கம்பெனிக்காரர்கள் இந்த வண்டியை வைத்துச் செயல்விளக்கம் காட்டியிருக்கிறார்கள். வாசலில் விருந்தினர்களுக்கான திறந்த வைஃபை ஒன்று உண்டு. அன்றைக்கு அதில் இணைத்திருக்கிறார்கள். பழைய கருவி அந்தப் பெயரைச் சேர்த்து வைத்துக்கொண்டது. ஆள் தொடாமல் இணையாது என்பதால் ஆபத்தில்லை. புதியதுக்கு மாற்றும்போது, வண்டியில் இருப்பவர்கள் மறுபடி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டாமே என்று பழைய பெயர்களையும் கூடவே கொண்டுவந்தோம். அவர்களே கேட்டுக்கொண்டது அது. புதியது, தெரிந்த பெயர் என்றால் தானாக இணையும். வைஃபையும் டாங்கிளும் சேர்ந்து இருந்தால் வைஃபை வழியாகத்தான் அனுப்பும். அந்த வைஃபையோ, ஃபோன் எண்ணைக் கொடுத்தால்தான் வெளியே விடும். யாரும் கொடுக்கவில்லை. உள்ளே விட்டது, வெளியே விடவில்லை. டாக்டரின் திரையில், எங்கள் வண்டியிலிருந்து கடைசியாகப் போய்ச் சேர்ந்த செல்வத்தின் ஈ.சி.ஜி.யே நின்றுவிட்டது.

இணைந்த பிறகு நிஜமாகவே வெளியே போக முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கும் ஓர் அமைப்பு நெட்வொர்க் மேனேஜரில் உண்டு. முடியவில்லை என்றால் அதுவே டாங்கிளுக்கு மாறியிருக்கும். மருத்துவ லேப்டாப் தெரியாத முகவரி எதையும் கூப்பிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியின் பாதுகாப்புப் பிரிவு எழுதிக் கேட்டதால் அதை அணைத்திருந்தோம். பச்சை டிக்குக்கு டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. நெட்வொர்க் இருக்கிறது, அதனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்றுதான் அர்த்தம்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எந்த முடிவில் தவறு சொல்வீர்கள்? ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொன்றையும் கேட்டவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எல்லாம் ஒரு வாசலில் ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஆளைக் கொல்லப் பார்த்தன. திட்டுவதற்கு யாராவது ஒருவர் அகப்பட்டிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அந்த டாக்டரே மேலேயிருந்து இறங்கி வந்தார். இளைஞர். முகம் வெளிறியிருந்தது. அடைப்பைத் திறந்துவிட்டார்கள், பிழைத்துக்கொள்வார் என்றார். தான் முதலில் பார்த்தது யாருடைய ஈ.சி.ஜி. என்று கேட்டார். செல்வம் பள்ளிக்கூடப் பையனைப்போலக் கையைத் தூக்கினார். டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இதற்கு முன்னால் இப்படி எத்தனை நடந்திருக்கும் என்று கேட்டார்.

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. இந்த ஒரு வண்டி, இந்த ஒரு வாசல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லா வண்டிகளிலும் அதே அமைப்பு. எல்லாவற்றிலும் சேர்ந்துபோன பழைய பெயர்கள். வராந்தாவிலேயே நின்று ஒவ்வொரு வண்டியாக அழைக்க ஆரம்பித்தேன். பக்கவாட்டுச் சுவிட்சை அணையுங்கள், நான் சொல்லும்வரை தொடாதீர்கள். நடுவில் எங்கள் மேலாளரின் அழைப்பு வந்தது. பதறிப்போயிருந்தார். முதலில் உள்ளுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டு அப்புறம் வண்டிகளுக்குச் சொல்லலாமே, எல்லோரையும் பயமுறுத்த வேண்டாமே என்றார். பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டேன், மீதிப் பேருக்குச் சொல்ல வேண்டும், வைக்கிறேன் என்று வைத்தேன். கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஏதோ ஒரு வண்டி திறந்த வைஃபை உள்ள ஏதோ ஒரு மாலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்திருக்கும்.

அப்படி நான் அழைத்தவர்களில் ஒருவர், விமான் நகர்ப் பக்கம் ஓடும் வண்டியின் பாராமெடிக், நான் சொன்னதைக் கேட்டுச் சுவிட்சை அணைத்தார். பிறகு சொன்னார். சில இடங்களில் டாக்டர் ஒன்றுமில்லை என்பாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அங்கே இருப்பவர்கள் வேறு மாதிரி சொல்வார்களாம். டாக்டருக்கு டாக்டர் வித்தியாசப்படும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம் மேடம் என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். செல்வம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

எத்தனை என்று நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை. முயன்றோம். லேப்டாப் எந்த நேரத்தில் எந்த நெட்வொர்க்கில் இருந்தது என்ற விவரங்கள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும்படி வைத்திருந்தார்கள். வண்டியின் சாவியைத் திருப்பி அணைத்தால் அவையும் போய்விடும். டாக்டர்கள் பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு எல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது. சிலரைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தூக்கம் வராத நாட்களில் அந்தத் தெரியாததைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

கருவியை நாங்கள் மாற்றவில்லை. அமைப்பை மாற்றினோம். ஆஸ்பத்திரி வளாகத்து வைஃபையைத் தவிர எந்தப் பெயரும் சேமிப்பில் இல்லை. வண்டியில் இருப்பவர் சேர்க்கவும் முடியாது. ரோட்டில் டாங்கிளுக்குத்தான் முன்னுரிமை. வெளியே போக முடிகிறதா என்று பார்க்கும் சோதனையை மறுபடி இயக்கினோம். தெரியாத முகவரிக்குப் பதில் ஆஸ்பத்திரியின் சொந்தக் கணினியையே கூப்பிட வைத்தோம். இப்படி ஒரு வழி இருக்கிறதே என்று பாதுகாப்புப் பிரிவிடம் முதலிலேயே கேட்டிருந்தால் அப்போதே ஒப்புக்கொண்டிருப்பார்கள். விவரங்கள் அணைத்தாலும் அழியாதபடி வட்டில் பதிவாகின்றன. பச்சை டிக்கை எடுத்துவிட்டோம். டாக்டர் திறந்து பார்த்து, பெயரையும் துடிப்பையும் தட்டி அனுப்பினால்தான் லேப்டாப்பில் ஏதாவது தெரியும். அதுவரை திரை வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருந்தால் ஆட்கள் ஃபோன் செய்து கேட்பார்கள். கேட்கட்டும்.

உங்களில் யாராவது லேப்டாப்பில் ஒரு கருவியை ஏற்றிவிட்டு, மூலையில் இணைந்துவிட்டது என்று வந்ததும் எழுந்து போய்விடுவீர்களானால், எதனோடு இணைந்தது என்று ஒருமுறை கேளுங்கள். அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வந்தது என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அதற்கு வெட்கப்படாதீர்கள். டாக்டர் எரிச்சல்படுவார். படட்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தத்தா வார்டுக்கு வந்த பிறகு அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்றார் செல்வம். பார்ப்பதற்கு மட்டும் இல்லை, நடந்ததைச் சொல்லவும். கம்பெனியில் வேண்டாம் என்றார்கள். வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேளுங்கள், நான் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கூடப் போனேன்.

தத்தா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். செல்வம் கட்டில் பக்கத்தில் நின்று மராத்தியில் எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, எங்களுக்குச் சாதகமாக எதையும் கூட்டவுமில்லை. உங்களுக்கு வலித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னுடைய இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால்தான் ஒன்றுமில்லை என்றார், எங்கள் இயந்திரத்தால் வந்தது என்று முடித்தார். மனைவியின் கை உரிப்பதை நிறுத்திவிட்டது. அந்த அம்மாள் எங்களைப் பார்த்த விதத்தை நான் விவரிக்கப்போவதில்லை. தத்தா மட்டும் அதைச் சொல்ல வந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவர் கேட்டது ஒன்றுதான்.

“உன்னுடையது நன்றாக இருக்கிறதா?”

செல்வத்தால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பி வராந்தாவுக்குப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் தத்தாவிடம், நார்மலாக இருக்கிறதாம், டாக்டர் சொன்னார் என்றேன்.